ஹாரன் பம்ப்பும் ஊசி பம்ப்பும்

பிரசவமாகி நான்காம் நாள் விழித்தபோது, மார்பில் யாரோ இரண்டு கருங்கல்லை வைத்துத் தைத்துவிட்டதுபோல் இருந்தது. குளிர் ஜுரம் வேறு. கிழக்குத் தாம்பரத்தில், அம்மா வீட்டில், சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கியவள் அநேகமாக நான் ஒருத்திதான். அது தொண்ணூறுகளின் தொடக்கம்.

பால் கட்டிக்கொண்டிருந்தது (சுரந்த பால் வெளியேறாமல் தேங்கி இறுகுவது). மகள் வாயை வைப்பாள், வழுக்கும், அழுவாள். நானும் அழுவேன். அதில் மட்டும் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

அம்மா மல்லிகைச் சரத்தை மார்பின்மேல் வைத்துக் கட்டிவிட்டாள். வலிக்கு இதம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நிஜமாகவே இதமாக இருந்தது. ஆபீஸ் முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் மார்க்கெட்டில் இன்னும் இரண்டு முழம் வாங்கிவரச் சொன்னேன். தலைக்கு என்று நினைத்து மனிதர் ஆசையாக வாங்கிவந்தார். மறுநாளும் கேட்டேன். கல் இளகியது, ஜுரம் இறங்கியது, நான் நிம்மதியாகத் தூங்கினேன். குழந்தையின் துணி நனைவது குறைந்துபோனதை அம்மாதான் கவனித்தாள்.

கிளினிக்கில் டாக்டரம்மா பூவைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இதை எதுக்குக் கட்டுவாங்கன்னு தெரியுமாம்மா? பால் வத்தறதுக்கு.”

அம்மா சரத்தின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். கட்டியது அவள். கேட்டுக் கேட்டுக் கட்டிக்கொண்டது நான்.

வற்றிவிட்டதா என்று கேட்டேன். “இன்னும் முழுசா இல்ல. எடுக்க எடுக்கத்தான் ஊறும். குழந்தையை வெச்சுப் பாரு. குடிக்கலேன்னா பம்ப்ல எடுத்துப் பாலாடைச் சங்குல குடு” என்றார்.

மருந்துக்கடை கிளினிக்குக்குக் கீழேயே இருந்தது. வீட்டுக்காரர் கூச்சத்தில் பக்கத்துக் கடைக்கு நகர்ந்து, பிளாஸ்டிக் குடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் இரண்டு டப்பாக்களைத் திறந்து வைத்தார்.

“இது ஆட்டோ ஹாரன் மாதிரி கீதுக்கா. அது ஊசி மாதிரி கீது. எது தரட்டும்?”

ஒன்று, கண்ணாடிக் குவளையில் செருகிய ரப்பர் பந்து. மற்றது, ஒன்றுக்குள் ஒன்று போய்வரும் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள், பெரிய சிரிஞ்சேதான். எனக்கு ஊசி என்றால் ஆகாது.

“மாடியேறி டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்துடலாம்டி” என்றாள் அம்மா.

ஹாரனையே கொடுங்கள் என்றேன்.

வெந்நீரில் போட்டு எடுத்து, அதிகம் கட்டியிருந்த இடது பக்கத்தில் வைத்தேன். முதல் அமுக்கலுக்கு நானே வாயால் ‘பாம் பாம்’ என்று சத்தம் கொடுத்தேன். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். பால் சொட்டுச் சொட்டாக வந்தது. அந்தச் சொட்டுகளைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. பிள்ளை பட்டினி கிடந்தபோது பூ வாசனையில் தூங்கியவள் நான். அதையெல்லாம் ஒரே மூச்சில் ஈடுகட்டிவிடும் ஆவேசத்தில் அமுக்கினேன், அமுக்கினேன்.

காம்பு வெடித்தது. பாலில் ரத்தம் கலந்து வந்தது. பிறகு உள்ளே சீழ்க்கட்டி (கிருமி புகுந்து சீழ் கோத்த வீக்கம்). மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி எடுத்தார்கள். ஊசிக்குப் பயந்து ஹாரன் வாங்கியவளுக்கு நல்ல பெரிய ஊசியாகத்தான் பார்த்துப் போட்டார்கள்.

“அந்த ரப்பருக்குள்ள கழுவ முடியாதும்மா. எவ்வளவு இழுக்குதுன்னும் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார் டாக்டரம்மா.

“மாடி ஏறச் சோம்பல் டாக்டர்.”

அவர் சிரிக்கவில்லை.

வலது பக்கத்துக்கு ஊசி பம்ப் வந்தது. மெல்ல இழுப்பது, விடுவது. முதலில் பாலாடையின் அடி நனையும் அளவுதான் கிடைத்தது. அம்மா அதை மகளின் கடைவாயில் சாய்ப்பாள், மீதிப் பசிக்கு டப்பாப் பால். டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டால் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். பாலாடை மெதுவாக நிறையத் தொடங்கியது. ஒருநாள் மகள் தானாகவே வலது பக்கத்தைப் பற்றிக்கொண்டு, விடமாட்டேன் என்றாள். இடது பக்கம் மட்டும் வற்றியது வற்றியதுதான்.

இதே நிலையில் இதைப் படிப்பவர்களுக்கு: முதலில் கையால் பீய்ச்சக் கற்றுக்கொள்ளுங்கள். பம்ப் வாங்கினால் எல்லாப் பாகமும் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். மெதுவாக இழுங்கள். முக்கியமாக, குற்ற உணர்ச்சியோடு அமுக்காதீர்கள். அதற்குக் கை பலம் ரொம்ப அதிகம்.

மகள் என்னோடு சரிக்குச் சரி சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக வளர்ந்துவிட்டாள். எனக்குத்தான் பால் கொடுத்த அந்த மாதங்களில் கடிகாரம் மறந்துபோனது. மார்பு கனத்தால் ஒரு வேளை, இளகினால் ஒரு வேளை. இன்றும் பஸ்ஸில் ஏதாவது கைக்குழந்தை வீறிட்டால் வலது பக்கம் சட்டென்று கூசி இறுகும். இத்தனை வருஷம் போனது அதற்குத் தெரியாது. இடது பக்கம் பேசாமல் இருக்கும். என் கை தானாகப் போய் மூடிக்கொள்வது அந்தப் பக்கத்தைத்தான்.