கோடு போட்ட சிலேட்டு

நடுவில் மேலிருந்து கீழாகக் கோடு கீறிய சிலேட்டு ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சட்டத்தின் ஒரு மூலை உடைந்துவிட்டது. கோட்டுக்கு இடப்பக்கம், உண்மையில் நடந்ததை எழுத. வலப்பக்கம், மனம் தானாகச் சேர்த்துக்கொண்டதை எழுத. எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்தில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் ஒருவர் வீட்டில் ஞாயிறு பிற்பகல்களில் கூடிய பௌத்தர்கள் ஏழெட்டுப் பேரின் சிலேட்டு அது.

பஞ்சசீலம் சொல்லி முடித்ததும் யாராவது ஒருவர் தம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வார். மற்றவர்கள் புத்தி சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். "அவரு மொறச்சத நீ பாத்தியா, மொறச்சாருன்னு நெனச்சிக்கினியா?" என்பார் சாயக்காரர். பதிலைப் பொறுத்து ஒரு பக்கத்தில் எழுதுவோம். பெரும்பாலும் வலப்பக்கம் நிரம்பிவிடும், இடப்பக்கத்தில் இரண்டு வரிதான் நிற்கும். அதைப் பார்த்ததும் சொன்னவருக்கே சிரிப்பு வரும். பயத்தில் பாதி போய்விடும். கலையும் முன் சிலேட்டை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். அங்கே பேசியது வாசல் தாண்டக் கூடாது.

எழுதுவது என் வேலை. நெசவாளர் சங்கமொன்றில் ரைட்டராக இருந்தேன். "ரைட்டரு தும்மினாக்கூட தேதி போட்டு வெப்பாருப்பா" என்று சாயக்காரர் கேலி செய்வார். துடைத்ததையெல்லாம் நான் வீட்டுக்குப் போய்ப் பெயரோடும் தேதியோடும் ஒரு நோட்டில் திரும்ப எழுதி வைத்தது அவருக்குத் தெரியாது. இப்படியொரு முயற்சி பதிவில்லாமல் அழிந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு, எங்களோடு வரும் பள்ளி ஆசிரியை பேசினார். புருஷன் அடிப்பதைச் சொன்னார். பள்ளிக்கு விடுமுறை விட்டதும் இரண்டு பெண் குழந்தைகளோடு வாலாஜாபாத்தில் ஒரு தோழி வீட்டுக்குப் போய்விடுவதாக இருந்தார். அப்படியொரு தோழி இருப்பதே புருஷனுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை, செவிலிமேடு டவுன் பஸ்ஸில் நோட்டை விட்டுவிட்டு இறங்கினேன். அந்த பஸ் திரும்பும் இடத்தில்தான் ஆசிரியையின் புருஷன் வேர்க்கடலைக் கடை வைத்திருந்தார். மறுநாள் கண்டக்டரிடம் விசாரித்தேன். "பழைய நோட்டா? எவனாச்சும் பொட்டலம் கட்ட எடுத்துக்கினு போயிருப்பான் சார்" என்றார். அப்போதே ஆசிரியையிடம் ஓடியிருக்க வேண்டும். ஞாயிறு வரை வாய் திறக்கவில்லை. தெருவில் யார் காகிதப் பொட்டலம் வைத்திருந்தாலும் அதில் என் கையெழுத்தைத் தேடினேன்.

ஞாயிறன்று நோட்டு தொலைந்ததை நான் சொல்லி முடித்ததும் ஆசிரியை என் கையிலிருந்த பலப்பத்தை வாங்கிக்கொண்டார்.

"எம் பேரு எழுதுனீங்களா?"

"எழுதினேன்."

"வாலாஜாபாத்துன்னு?"

"தெருவும் எழுதினேன்."

"எப்ப தொலஞ்சுது?"

"செவ்வா."

"இன்னிக்கு ஞாயிறு சார்."

ஒவ்வொன்றையும் இடப்பக்கத்தில் எழுதினார். வலப்பக்கம் எழுத ஒன்றும் இல்லை. பிறகு சாயக்காரர் கேட்டார்: "கொழந்தைங்க இப்ப எங்கம்மா இருக்குது?"

"பக்கத்து வூட்ல" என்றபடி எழுந்து, மழையிலேயே இறங்கிப் போனார். எங்கே போகப் போகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்று சிலேட்டைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை அவர் புருஷன் சங்கத்துக்கு வந்து என் மேசை முன் நின்றார். குரல் உயரவில்லை. "வாலாஜாபாத்துல போய்ப் பாத்துட்டேன். அங்க இல்ல. நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வெக்கிறவராச்சே, எங்கன்னு சொல்லுங்க."

"தெரியாது" என்றேன். அது உண்மையாக இருந்ததுதான் அன்று என்னைக் காப்பாற்றியது, ஆசிரியையையும்.

பலப்ப எழுத்து எப்போதோ உதிர்ந்துவிட்டது, கோடு மட்டும் இருக்கிறது. இன்றும் நாள் தவறாமல் குறிப்பெழுதுகிறேன். ஆசிரியை போன ஊர் எனக்குத் தெரிந்திருந்தால், அன்று இரவே அதையும் எழுதியிருப்பேன்.