அண்ணனிடம் பில் கேட்டேன்

போன வருடம் வைகாசியில், மன்னார்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தினோம். தாய்மாமன் சீர் என் அண்ணனுடையது. அவர் அரியமங்கலத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். அப்போது பட்டறையில் வேலை குறைந்து அவர் பாடு திண்டாட்டம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், மேளத்தோடு சீர்த் தட்டுகள் உள்ளே வந்தபோது என் கண் முதலில் தேடியது நகைப் பெட்டியைத்தான்.

பெட்டியில் தங்கம் இல்லை. சிவப்பும் பச்சையுமாகக் கல் வைத்த ஒரு அட்டிகை இருந்தது. மூடியில் பெரிய டிசைனர் கம்பெனி ஒன்றின் பெயர். அண்ணன் என் காதருகே வந்து, "பவுனை விட இதுக்குத்தாம்மா இப்ப மதிப்பு. சினிமாக்காரங்கல்லாம் போடுறது" என்றார். என் மாமியார் வீட்டுப் பக்கத்து உறவு ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கவரிங்கா?" என்று கேட்டார். அண்ணன் சிரித்த முகத்தோடு விளக்கம் சொல்லத் தொடங்க, கேட்டவர் பாதியிலேயே பந்திக்குப் போய்விட்டார். எனக்கு அவமானமாகிவிட்டது. அந்த உறவின் மேல் வர வேண்டிய கோபம் அண்ணன் மேல் வந்தது. அதுதான் என் புத்தி.

அதற்குப் பிறகு பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி கண்ணை உறுத்தியது. இதை யார் போடப் போகிறார்கள், காசாக்கி நகைச்சீட்டில் கட்டினால் மகளுக்கு ஒரு தங்கத் தோடாவது தேறுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருச்சிப் பெண்கள் பழைய புடவை, நகைகளை வாங்கி விற்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருந்தேன். அதில் படம் போட்டேன். ஸ்ரீரங்கத்து அம்மா ஒருவர் தன் மகளின் ரிசப்ஷனுக்கு வேண்டும் என்று, வீட்டு விலாசமும் போட்டு உடனே கேட்டார். சத்திரம் பேருந்து நிலையத்தில் சந்தித்துக் கொடுத்தேன். பணம் அங்கேயே போனில் வந்தது, நேராகச் சீட்டுக்குப் போனது. என் கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

சில நாள் கழித்து அந்த அம்மாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. "தப்பா நினைச்சுக்காதீங்கோ. இது ஒரிஜினல் மாதிரி தெரியலை. எங்கிட்ட இதே கம்பெனி தோடு இருக்கு. பின்னாடி இருக்கற முத்திரை வேற மாதிரி இருக்கு." இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படமும் அனுப்பியிருந்தார்.

அவர் தன்மையாகத்தான் எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். நான் எங்கே பார்த்தேன்? வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். என் அண்ணன் சபையில் வைத்த சீர் போலியா? அதுவரை பீரோவில் வைக்கவே பிடிக்காத பொருள், அந்த ஒரு நிமிடத்தில் என் பிறந்த வீட்டு மானமாகிவிட்டது. தனியாக வந்த செய்திக்கு, குழுவில் எல்லோரும் பார்க்கும்படி பதில் போட்டேன். "ஒரிஜினலை எடுத்து வச்சுக்கிட்டு டூப்ளிகேட்டை நம்ம தலையில கட்டப் பாக்குறாங்க. இவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க" என்று எழுதினேன். அவ்வளவுதான், முகம் தெரியாத பெண்களெல்லாம் அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். திருடி என்றுகூட ஒருத்தி எழுதினாள். நான் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டேன்.

அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பில் இருந்தா அனுப்புங்கோ. நான் இங்கேயே மன்னிப்பு கேக்கறேன்."

இது போதாதா எனக்கு? அண்ணனுக்குப் போன் போட்டேன். விற்றதைச் சொல்லாமல், "அட்டிகைக்கு பில் இருந்தா குடுங்க அண்ணே, லாக்கர்ல சேத்து வைக்கணும்" என்றேன். எங்கள் பக்கம் சீருக்குப் பில் கேட்கும் வழக்கம் உண்டா? கொடுத்தவரிடம் விலையைக் கேட்பதே மரியாதை இல்லை. மறுமுனையில் அண்ணன் லேத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "தேடிப் பாக்குறேன்மா" என்றார்.

மறுநாள் காலையில், என் கணவர் வேலைக்குப் போன பிறகு, அண்ணன் வந்தார். பில் கொண்டு வரவில்லை. ஒரு கைக்குட்டையைப் பிரித்து, தங்கச் சங்கிலி ஒன்றை மேசை மேல் வைத்தார். அது அண்ணி கழுத்தில் கிடக்கும் சங்கிலி.

"மாப்பிள்ளை வீட்ல தெரிஞ்சு போச்சாம்மா?" என்று கேட்டார். நான் சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவரே சொன்னார். "புதுசு வாங்க நமக்கு எங்க கட்டுப்படியாகுது? ஆன்லைன்ல ஒருத்தன், ஒரே ஒரு தடவை போட்டது, ஒரிஜினல்னு சொன்னான். விசேஷத்துக்கு மொத நாள்தான் தெரிஞ்ச நகைக்கடையில காட்டுனேன். அத்தனையும் கண்ணாடிக் கல்லுன்னுட்டாங்க. வித்தவன் போனையே எடுக்கல. வெறும் தட்டோட சபைக்கு வர முடியுமா, சொல்லு? பட்டறை கொஞ்சம் நிமிந்ததும் தங்கமா மாத்திக் குடுத்துரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ பில் கேட்டுட்ட. உங்க அண்ணிதான் கழட்டிக் குடுத்தா. இதை வச்சுக்கிட்டு அதை எடுத்துக் குடும்மா. மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம்."

அதை எடுத்துக் கொடு என்று சொல்லிவிட்டு அண்ணன் பீரோ இருக்கும் அறையைப் பார்த்தார். எங்கிருந்து எடுப்பேன்? பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"வித்துட்டேன் அண்ணே" என்றேன். ஸ்ரீரங்கத்து அம்மா சந்தேகப்பட்டதையும் சொன்னேன். குழுவில் நான் ஆடிய ஆட்டத்தை மட்டும் மறைத்துவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். "அடடா, பாவம். அவங்களும் மகளுக்குத்தானே வாங்கியிருப்பாங்க" என்றார். "கிளம்பு, பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துரலாம்." அண்ணியின் சங்கிலியை வற்புறுத்தி அவர் சட்டைப் பையில் போட்டேன். அவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதியதெல்லாம் அந்த அம்மாவின் போனில் இருக்கிறது. அண்ணனிடம் அதைக் காட்டிவிட்டால்?

கதவைத் திறந்ததும் அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. அண்ணன் முந்திக்கொண்டு, "தப்பு என்னோடதும்மா. நான்தான் வாங்கி ஏமாந்துட்டேன். என் தங்கச்சிக்கு எதுவும் தெரியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

அந்த அம்மா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "உள்ள வாங்கோ. நாங்களும் இப்படி ஏமாந்திருக்கோம். உங்க தங்கை எங்கிட்ட தன்மையாத்தான் பேசினா" என்றார்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "அது சின்ன வயசிலேருந்தே அப்படித்தாங்க" என்றார் பெருமையாக.

இரண்டு பேர் முகத்தையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சீட்டுக்குப் போன பணத்துக்குப் பதிலாக, வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததைப் போனில் அனுப்பினேன். பெட்டியை வாங்கிக்கொண்டேன். காபி கொடுத்தார், பாதியிலேயே வைத்துவிட்டேன். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை அங்கே என் வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவரைத் திருடி என்றவள் உட்பட யாரும் அதற்கு ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. அந்த அம்மா மட்டும் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார்.

அண்ணன் இப்போதும் வழக்கம்போல வருகிறார், மருமகளுக்குப் பலகாரம் வாங்கி வருகிறார், சிரித்துப் பேசுகிறார். எல்லாவற்றையும் பேசுகிற அந்த மனிதர், அந்தச் சீரை ஏன் விற்றாய் என்று மட்டும் இன்று வரை என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் கேட்காததிலிருந்தே காரணம் அவருக்குத் தெரியும் என்று எனக்குப் புரிகிறது. அவர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் வாசல் வரை போய் நிற்கிறேன், தங்கம் இல்லையே என்ற அவமானத்தில்தான் விற்றேன் என்று சொல்லத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.