அளந்த குற்றத்துக்கு ஒரு மெமோ

அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மின்வாரியத்தில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி ரீடிங் எடுத்தவள். எந்த வீட்டு மீட்டர் செருப்பு அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பிறகு தானே கணக்குச் சொல்லும் மீட்டர்கள் வந்தன. அவளைத் தூக்கிப் புகார் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். ஒரு கை உடைந்த நாற்காலி, ஒரு தொலைபேசி, பதினோரு புகாருக்குப் பதினோரு பதில் அச்சடித்த ஒரு தாள். அவ்வளவுதான் அந்த வேலை.

ஏழாவது புகார், “சோலார் மதியத்தில் நின்றுபோகிறது.” பதில், “இன்வெர்ட்டர் கோளாறு. விற்றவரிடம் காட்டவும்.”

அந்தப் பதிலை எத்தனை பேருக்குச் சொன்னாளோ, தன் நாத்தனாருக்கும் அதையேதான் சொன்னாள். நாத்தனார் வீட்டின் முன்னறையில் நான்கு தையல் மிஷின் போட்டு ஆஸ்பத்திரிச் சீருடை தைப்பவள். கூரையில் சோலார் தகடு, மாடிப்படிக்கு அடியில் பேட்டரி. பதினொன்றரை ஆனால் போதும், இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானே கிளம்பும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு தடவையும் மிஷின்கள் திக்கித் திணறும், ஊசி ஒடியும். அண்ணி சொல்லைத் தட்டாமல் நாத்தனார் புது இன்வெர்ட்டரே வாங்கி மாட்டினாள். மறுநாள் பதினொன்றரைக்கு அதுவும் சிவந்தது.

“அண்ணி, உங்க ஆபீஸ் பேச்சைக் கேட்டு நல்ல பெட்டியக் கழட்டி எறிஞ்சிட்டேனே. இப்ப என்ன சொல்றீங்க? இதுவும் கோளாறா?”

மீட்டரக்காவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. தன் வாயால் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று புரிந்ததும் அவமானம் போய்க் கோபம் வந்தது. அது சட்டென்று ஆறுகிற கோபமாக இல்லை.

லைன்மேனிடம் கெஞ்சி அவருடைய வோல்ட் மீட்டரை இரவல் வாங்கினாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே நாத்தனார் தெருவுக்கு நடந்தாள். பத்தொன்பது வீட்டுக் கூரையில் சோலார் இருந்தது. வீட்டுக்கு வீடு அளந்து எழுதினாள். இருநூற்று முப்பது வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்று ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு. இருநூற்று ஐம்பத்துமூன்றைத் தாண்டினால் இன்வெர்ட்டர் நின்றே ஆக வேண்டும். அதன் வேலையே அது. இருபது நாள் இப்படியே போனது. இருபத்தோராம் நாள் மேகம் மூடியது. அன்று இருநூற்று நாற்பத்தொன்று. பத்தொன்பது வீட்டிலும் பச்சை விளக்கு.

அளவுகள் எழுதிய தாளோடு உதவிப் பொறியாளர் முன்னால் போய் நின்றாள்.

“சார், மேகம் வந்தா தானா சரியாகுற கோளாறு எந்த ஊர் இன்வெர்ட்டர்ல இருக்கு? எல்லா வீடும் ஒரே நேரத்துல லைனுக்குள்ள கரண்ட் தள்ளுது. நம்ம லைன்தான் தாங்க மாட்டேங்குது.”

அவர் தாளை வாங்கவே இல்லை. “உங்களை யாரும்மா அளக்கச் சொன்னது? கவுண்டர்ல உக்கார்றதை விட்டுட்டுத் தெருத்தெருவா சுத்துறீங்களா? இவங்க பண்ற கூத்துக்கு இனிமே அந்தத் தெருவுல புது சோலாருக்கே அனுமதி கிடையாது, போங்க.”

மறுநாள் மேஜையில் மெமோ இருந்தது. “அனுமதியின்றி அளவீடு செய்த குற்றத்துக்கு விளக்கம் கோரப்படுகிறது.”

“இருபத்திரண்டு வருஷம் அளக்கச் சொல்லிச் சம்பளம் குடுத்தாங்க. இப்ப அளந்ததுக்கு மெமோவா?” வீட்டில் சட்டியை இறக்கிய வேகத்தில் அடுப்பே ஆடியது. புருஷன் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

மாதம் ஒருமுறை மேலதிகாரி வந்து நேரில் குறை கேட்கும் நாள் உண்டு. மீட்டரக்கா அன்றைக்கு லீவு போட்டாள். பொதுஜனமாக வரிசையில் நின்று டோக்கன் வாங்கினாள். பின்னால் நாத்தனாரும் தெருக்காரர்களும் நின்றார்கள். மேலதிகாரி தாளை முழுசாகப் படித்தார். நிமிர்ந்து கேட்டார்: “அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற படி எதுல வெச்சிருக்கு?”

உதவிப் பொறியாளர் ஃபைலைப் புரட்டினார். ஃபைலில் பதில் இல்லை. கதவோரம் நின்ற லைன்மேன் தொண்டையைச் செருமினார்.

“ஆக மேல் படியில சார். முன்னாடி சாயங்காலம் கடைசி வீட்டுக்கெல்லாம் பல்பு மினுக்கு மினுக்குன்னு எரியும். அதுக்காக ஏத்தி வெச்சது. சோலார் வந்து ரெண்டு வருஷமாச்சு, யாரும் அதைத் தொடல.”

அடுத்த நாள் காலை மின்சாரத்தை நிறுத்திப் படியை இரண்டு தட்டு இறக்கினார்கள். பத்து நிமிஷம் பிடித்தது. பத்து நிமிஷ வேலைக்கு இரண்டு வருஷம் பத்தொன்பது குடும்பத்தைக் கோளாறுக்காரர்கள் ஆக்கியிருந்தார்கள்! மீட்டரக்கா கம்பத்தடியில் நின்று பார்த்தாள். மதியம் இருநூற்று நாற்பத்தேழு. அவளுக்குச் சந்தோஷத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகமாக இருந்தது.

ஆனால் அன்று சாயங்காலமே கடைசி நான்கு வீட்டில் விளக்கு மங்கியது. “படியை இறக்கினா இப்படித்தான்,” என்று சிரித்தார் உதவிப் பொறியாளர். அந்தச் சிரிப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

விடிந்ததும் நாத்தனார் வீட்டு மாடிப்படிக்கு அடியில் குந்தி பேட்டரியைக் கவனித்தாள். வெயில் ஏறும் முன்பே நிரம்பத் தொடங்கி, பத்து மணிக்கெல்லாம் வயிறு முட்டி உட்கார்ந்துவிட்டது. லைன் திணறும் மதியத்தில் அதற்கு வேலை இல்லை.

“ஏண்டி, இது ஏன் காலங்காத்தாலயே தின்னுட்டு உக்காரணும்? பதினோரு மணிக்குச் சாப்பிடட்டும். ஆறு மணிக்கு மேல வீட்டுக்குக் குடுக்கட்டும். லைன் மேல பாரம் குறையும்ல?”

“திடீர்னு கரண்ட் போச்சுன்னா எனக்கு என்ன இருக்கும் அண்ணி?”

“மூணுல ஒரு பங்கை எப்பவும் தொடாத மாதிரி வெச்சுக்கலாம்.”

மேலதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னாள். செய்து பாருங்கள் என்றார். பேட்டரி இருந்த வீடுகளுக்குப் பழையபடி ஒவ்வொன்றாக ஏறினாள். பதின்மூன்று வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். “என் பேட்டரி, என் இஷ்டம்” என்று ஒருவர் கதவைச் சாத்தினார். அது அவர் உரிமை என்று அடுத்த வீட்டுக்குப் போனாள். ஒரு வாரத்தில் நேரம் மாற்றியாயிற்று. சாயங்காலம் கடைசி வீட்டில் இருநூற்று இருபத்தொன்று நின்றது. விளக்கு மங்கவில்லை. நாத்தனாரின் மிஷின்கள் மதியம் முழுக்க ஒரே சீராக ஓடின.

அடுத்த மாத வாரிய இதழில் படம் வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் உதவிப் பொறியாளர், கையில் கிளிப்போர்டு. “அலுவலகத்தின் முன்முயற்சி” என்று தலைப்பு. லைன்மேனின் தோள்பட்டை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

“விடேன், வேலை நடந்துச்சுல்ல? பேர்ல என்ன இருக்கு?” என்றார் புருஷன்.

“பேரு எனக்கு எதுக்கு? அந்த மெமோவை என் சர்வீஸ் புக்குல குற்றம்னு எழுதியிருக்காங்களே, அதை யாரு அடிப்பா? உங்க தங்கச்சி புதுப் பெட்டி வாங்குனாளே, தப்பு எங்களதுன்னு அவளுக்கு ஒரு வரி எழுதிக் குடுத்தாங்களா?”

மெமோவை ரத்து செய்யச் சொல்லி மனு கொடுத்தாள். “பரிசீலனையில் உள்ளது” என்று பதில் வந்தது. இன்னொரு மனு கொடுத்தாள். அதற்கும் அதே பதில். இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் மேலதிகாரி அறை வாசலில் போய் நிற்கிறாள். பியூன் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைக்கிறான். அவள் உட்காருவதில்லை.