நெவிலின் ஒற்றைக் கண்

போர்ட் பிரி என்ற ஊரில் மெர்வின் டிரெலோரைப் போல ஒரு பிடிவாதக்காரன் கிடையாது. ஈய உலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். கடையில் விற்கும் பீரைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்பான். பின்வாசல் தகரக் கொட்டகையில் தானே காய்ச்சி, தானே அடைத்து, சனிக்கிழமை ஆனால் நண்பர்களைக் கூப்பிட்டு ஊற்றுவான். ஊற்றிவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். நல்லா இருக்கு என்று சொன்னாலும் விடமாட்டான், என்ன நல்லா இருக்கு என்று குடைவான். அவனோடு குடிப்பது பரீட்சை எழுதுவது மாதிரிதான். ஆனாலும் ஒருத்தரும் வராமல் இருந்ததில்லை.

அவர்களில் நெவில் மூத்த கூட்டாளி. தெறித்த ஈயத்துக்கு இடது கண்ணையும், உலை இரைச்சலுக்குப் பாதிக் காதையும் பறிகொடுத்தவன். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு மீன் பிடிப்பான், கார் ஓட்டுவான், ஊரில் யாரையும் விடாமல் கிண்டலடிப்பான். மெர்வினின் பீரை முகத்துக்கு நேரே பழிக்கிற தைரியம் அவன் ஒருத்தனுக்குத்தான் இருந்தது. மெர்வினும் அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கத்தான் பாதி நாள் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தான்.

ஜனவரி மாதம், அந்த ஊரில் நடுக்கோடை; நெவிலின் பிறந்தநாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பிறந்தநாள்காரன் கொட்டகைக்குத் தனியாகப் போய், தனக்குப் பிடித்த புட்டியைத் தானே எடுத்து வரவேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். எடுத்ததும் கண்ணருகில் தூக்கிப் பிடித்து, அடியில் வண்டல் தெளிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நெவில் கிளம்பினான். அவன் வருவதற்குள் தொண்டையை நனைத்துக்கொள்ளலாம் என்று, ஐஸ் பெட்டியில் குளிர்ந்துகொண்டிருந்த ஒரு புட்டியை மெர்வின் திறந்தான்.

மூடி பறந்தது. நுரை பீய்ச்சி வராந்தாக் கூரையைத் தொட்டது. கூட்டாளிகளில் ஒருவனான லெஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மெர்வின் சிரிக்கவில்லை. காலிப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ யோசித்தான்.

அப்போது கொட்டகைக்குள் டமார் என்று ஒரு சத்தம்.

மெர்வினுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பீர் புட்டிக்குள் போனபிறகு பொங்குவதற்குக் கொஞ்சம் சர்க்கரை வேண்டும். வழக்கமாக ஒவ்வொரு புட்டியிலும் சர்க்கரை வில்லை போடுவான். இந்தத் தடவை லெஸ் சொன்ன புது முறைப்படி மொத்தச் சர்க்கரையையும் பாகாக்கிப் பீப்பாயிலேயே கலந்திருந்தான். கலந்துவிட்டு, புட்டிகளை அடுக்கியதும் கை தன் பாட்டுக்குப் பழைய பழக்கத்தில் வில்லைகளையும் போட்டுவிட்டது. அத்தனை புட்டியும் இரட்டைச் சர்க்கரை. இந்த வெயிலில் அத்தனையும் வெடிகுண்டு.

“நெவில்! வெளிய வாடா!” என்று கத்தினான். நெவில் கதவைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தான். வெயிலில் கூரைத் தகரம் வெடிக்கிற சத்தம் என்று நினைத்தானோ என்னவோ, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மெர்வின் ஓடினான். மனைவி பெரில் அவன் சட்டையைப் பிடித்தாள். “மெர்வின், போகாத. மூஞ்சி கிழிஞ்சிடும்.”

“அவனுக்கு இருக்கிறது ஒரு கண்ணுடி,” என்று உதறிக்கொண்டு போனான்.

உள்ளே தரையெல்லாம் நுரை, கண்ணாடிச் சில்லு. நெவில் கதவுக்குத் தன் பார்வையில்லாத இடது புறத்தைக் காட்டியபடி, அதைக் கவனிக்காமல் எட்ட நின்றான். ஒரு புட்டியை வலது கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான். பக்கத்தில் போய்க் கத்தினால் பதறிப்போவான். புட்டி நழுவி விழுந்தால் அந்த இடத்திலேயே வெடிக்கும். இடது பக்கமாகப் போய்த் தொட்டாலும் அதே கதைதான். வலது பக்கம் போக வேண்டுமானால் அலமாரியை உரசிக்கொண்டு, அத்தனை புட்டிக்கும் முன்னால் நடக்க வேண்டும். மெர்வின் நடந்தான். மேல் தட்டில் ஒன்று வெடித்தது. கழுத்தில் சுள்ளென்று ஏதோ பட்டது. மூச்சைக்கூட விடாமல் நடந்தான்.

நெவில் அவனைப் பார்த்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. “பரவால்லடா மெர்வ், இந்தத் தடவைதான் தெளிவா வந்திருக்கு.”

இத்தனை வருஷமாக மெர்வின் காத்திருந்த வார்த்தை. அது அவன் காதில் ஏறவே இல்லை. ஒரு கையால் நெவிலின் கண்ணைப் பொத்தினான், மறு கையால் புட்டியைப் பிடுங்கினான். வீசுவதற்குள் அது வெடித்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நெவிலின் முகம் நெற்றியிலிருந்து தாடைவரை சிவப்பாக இருந்தது. செவிலிப்பெண் பதறிப்போய் முதலில் அவனைத்தான் உட்காரவைத்தாள். கண்ணைத் துடைத்தாள், விளக்கடித்துப் பார்த்தாள், காயத்தைத் தேடினாள். ஒரு கீறலும் அகப்படவில்லை.

“எங்க அடிபட்டிருக்கு உங்களுக்கு?” என்று கேட்டாள்.

நெவில் கையை நீட்டிக் காட்டினான். எதிரே மெர்வின் துண்டு சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இமைக்காமல் நெவிலின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் மேல இருக்கிறது பூரா அவன் ரத்தம்மா,” என்றான் நெவில். “அவனப் போய்ப் பாரு.”