பிள்ளையாருக்கு எதிரே ஒரு நாற்காலி

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு எனக்கு ஹார்மோன் ஊசி போடத் தொடங்கியதும், என் மனைவி என்னை உட்கார வைத்துவிட்டாள். அரிசி மூட்டையை அவளே தூக்கினாள். கேஸ் சிலிண்டர் தோங்கை அவளே உருட்டினாள். "நோயாளி நீங்க, சும்மா இருங்க" என்றாள். நானும் இருந்தேன். உண்மையைச் சொன்னால், அது எனக்குச் சுகமாகவே இருந்தது.

ஜோகூர் பாரு மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருத்தி பொறுமையாக விளக்கினாள். ஊசி ஆண் ஹார்மோனை அடக்குவதால் எலும்பு மெலியும், தசை கரையும். அசையாமல் கிடந்தால் இன்னும் மோசம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், சின்ன எடைகளைத் தூக்க வேண்டும், நடக்க வேண்டும். படித்தவன் நான், எல்லாம் புரிந்தது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவன். வீட்டுப்பாடம் எழுதாத பையன்களைத் தோப்புக்கரணம் போடச் சொன்னவன், தெருவே பார்க்கும் சன்னலுக்குப் பக்கத்தில் அதையே போடுவதா? செய்யவில்லை.

அடுத்த முறை அந்தப் பெண் கேட்டாள்: "அங்கிள், வீட்டுல செய்றீங்களா?"

"செய்றேன் லா."

பக்கத்திலிருந்த மனைவி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

ஒரு காலையில் குளியலறை வாசலில் என் மனைவி வழுக்கி விழுந்தாள். பெரிய அடியில்லை, ஆனால் எழ முடியவில்லை. கை கொடுத்து இழுத்தேன். தொடை நடுங்கி, நானும் அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். எங்களை எழுப்ப அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா வர வேண்டியிருந்தது. "அலமாக்!" என்று அவர் சிரிக்க, என் மனைவியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் மறுபடி விழுந்தால் வீட்டில் என்னை விட்டால் யாருமில்லை.

அன்று மத்தியானமே மனைவியிடம் சொல்லிவிட்டேன். "நான் ஒருநாளும் செய்யல. அந்தப் பிள்ளைகிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் பேசாம இருந்தே?"

"அங்க வச்சு உங்க மானத்த வாங்கவா? என் தப்பும் இருக்கு. நான்தானே உங்கள ஒக்கார வச்சேன்." நாற்காலியைச் சாமி மேடைக்கு எதிரே இழுத்துப் போட்டாள். "பிள்ளையாருக்குப் போடறதா நெனச்சிக்குங்க, சார். காத மட்டும் புடிக்காதீங்க, விழுந்துருவீங்க."

மறுமுறை அந்தப் பெண்ணிடமும் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. எனக்குத் தாங்கும் அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்து வைத்தாள்.

ஊசி தொடர்கிறது. திடீர் வியர்வையும் களைப்பும் போகவில்லை. கரைந்த சதை முழுதாகத் திரும்பவுமில்லை. ஆனாலும் கடையிலிருந்து அரிசியை இப்போது நான்தான் கொண்டுவருகிறேன், சின்னப் பைகளில்.

போன பொங்கலன்று வாசலில் கோலம் போட்டு முடித்தவள், எழ முடியாமல் கையை நீட்டினாள். நாற்காலியிலிருந்து எழும்போது ஊன்றுவதைப்போலவே கால்களை ஊன்றி இழுத்தேன். எழுந்து நின்றுவிட்டாள்.

"பரவால்ல சார், பாஸாயிட்டீங்க" என்று மாவுக் கையை என் புதுச் சட்டையில் துடைத்தாள். அன்று முழுதும் நான் அந்தச் சட்டையை மாற்றவில்லை.