கந்தோரும் தவமணி ரீச்சரும்

இன்று காலை வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், பழுதான லிஃப்டுக்கு முன்னால் நின்றவர்கள்: நான், மகனின் மகள் கவி, ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த, மருமகளின் தாயார் தவமணி ரீச்சர், பக்கத்து வீட்டு இந்தோனேசியப் பெண் ரினி.

"கீழ போய்க் கந்தோரில சொல்லுவம்," என்றேன்.

ரீச்சர் உடனே கவியிடம் திரும்பினார். "உப்பிடி ஒரு சொல்லு தமிழில இல்லை. அலுவலகம் எண்டு சொல்லோணும். அப்பம்மாட்டைப் பழகாதை."

எப்போதும் சொல்வதுதான். அதனாலேயே பிள்ளை இப்போது என்னோடு தமிழ் பேசப் பின்வாங்குகிறாள்.

ரினி சிரித்தபடி இங்கிலிசில் ஏதோ சொன்னாள். கவி எனக்குச் சொன்னாள்: "அப்பம்மா, அவையும் ஒஃபிஸை கந்தோர் எண்டுதானாம் சொல்லுறவை. டச்சுக்காரர் விட்டுட்டுப் போன வேர்டாம்."

"எங்களையும் அந்த ஒல்லாந்தர் ஆண்டவைதானே, பிள்ளை."

ஒருமுறையாவது வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப, தமிழில்லை எண்டு நான் சொன்னது சரிதானே."

கவி என் கையைப் பிடித்தாள். "வாங்கோ அப்பம்மா, அலுவலகத்துக்குப் போவம்."

முழங்கால் நோக நோகப் படியிறங்கினேன். 'ரீச்சர்' எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டிருக்கலாம். அது கீழே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இன்னும் கந்தோர் என்று சொல்பவர்கள் யாராவது மிச்சம் இருந்தால் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள், மனதுக்கு ஆறுதலாக இருக்கும்.

கோட்டை கட்டி ஆண்ட ஒல்லாந்தரை எப்போதோ மன்னித்துவிட்டேன். தவமணி ரீச்சரை மன்னிக்க மாட்டேன்.