டோல்கேட்டில் ஸ்பெயின் பேசியவன்

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற ஜென்மம் நான். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஸ்பெயினில் யார் யாரை வெறுத்தார்கள் என்று மணிக்கணக்கில் பேசுவேன். சொந்த மகள் யாரை விரும்புகிறாள் என்று தெரியாது.

துறைமுகத்துக்கு வடக்கே, டோல்கேட் என்கிற பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம் எனக்கு. ஞாயிறு சாயங்காலம் கடை மாடியில் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, நண்பர்கள் கூடிப் புத்தகம் பேசுவோம். அன்றைக்கு என் முறை. மசூதியும் சர்ச்சும் யூதர் கோயிலும் ஒரே ஊரில் இருந்த காலத்தைச் சொன்னேன். பெரிய பாசமெல்லாம் இல்லை, சண்டையும் உண்டு. ஆனாலும் ஒருவர் கடையில் ஒருவர் வாங்கி, காலம் ஓடியது. பிறகு நெருக்கடி முற்றி யூதர்களும் முஸ்லிம்களும் ஞானஸ்நானம் வாங்கினார்கள். அதோடு விட்டார்களா? மதம் மாறினாய் சரி, ரத்தம் மாறுமா என்று பாட்டன் பூட்டன் வரை கிளறினார்கள். பதவிக்கும் சங்கத்துக்கும் சுத்த ரத்தம் கேட்டார்கள். சந்தேகத்துக்குப் பயந்து, ஊர் பார்க்கப் பன்றிக்கறி தின்றவர்களும் உண்டு.

முடிக்கும்போது கொஞ்சம் மிதப்பு ஏறி, "எங்க குடும்பத்தப் பாருங்க" என்றேன். அண்ணன் சர்ச், நான் முருகன். தெற்கேயிருந்து கடை வைக்க வந்த எங்கள் ஆட்களில் இது சகஜம். இரண்டு பக்கமும் பெண் கொடுப்போம், எடுப்போம். காலையில் கோயிலில் தாலி, மத்தியானம் சர்ச் ஹாலில் பிரியாணி. எல்லாரும் கைதட்டினார்கள். கேட்க வந்திருந்த மகள் கொஞ்சம் அதிகமாகவே தட்டினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டு நின்றது. பின்னாலிருந்து சொன்னாள். கூட வேலை செய்கிற பையனாம், கட்டிக்கொள்ள விருப்பமாம்.

"எந்த ஊர்க்காரங்க?"

"திருவொற்றியூர்."

"அதில்லம்மா, பூர்வீகம்?"

"கடல்."

மீனவர் குப்பத்துப் பையன். கும்பிடுகிற சாமியில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அண்ணனுக்கு போன் போட்டேன்.

"லேய், கோயிலா சர்ச்சாங்கறது ஒரு விஷயமா? நம்ம ஆளுகளா, அதச் சொல்லு."

போனை வைத்துவிட்டேன். வேண்டாம் என்றுதான் எனக்கும் வந்தது. ஏன் என்றால் காரணம் வரவில்லை. பெண்ணைப் பெற்றவனுக்கு வருகிற அலுப்பு என்று அதற்குப் பெயர் வைத்துப் படுத்துக்கொண்டேன்.

"முடியாதுன்னா நீங்களே போயி அவங்கம்மாகிட்ட சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.

போனேன், முட்டிவலியோடு, வலைகள் காய்கிற சந்து வழியாக. மரியாதையாக மறுப்பது எப்படி என்று வழியெல்லாம் ஒத்திகை. அந்த அம்மா மீன் வியாபாரி. காசிமேட்டிலிருந்து அப்போதுதான் வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை, அவரே ஆரம்பித்தார்.

"குந்து அண்ணாத்தே. உன் பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா கடைக்காரங்க ரத்தம் எங்களுக்கு ஒத்து வராது. என் தம்பி வூட்ல பொண்ணு கீது."

வேண்டாம் என்று சொல்லப் போனவன் நான். என்னைப் பார்த்து வேண்டாம் என்கிறார்! எங்கள் ரத்தத்துக்கு என்ன குறைச்சல்? கோபத்தில் ஸ்பெயினை அவிழ்த்துவிட்டேன்.

"அது எந்தக் குப்பம்?" என்றார்.

"குப்பமில்லம்மா, நாடு. ரத்தம் பாத்தே நாறிப்போன நாடு. சாமி ஒண்ணாயிருந்தும் விடல, ரத்தம் வேறன்னாங்க. ஒரே தெருவுல இருந்தவங்க! அந்தப் பாவம் நமக்கெதுக்கு? பிள்ளைங்க ஆசைப்படுது, ரத்தத்துல என்னம்மா இருக்கு?"

அண்ணனிடம் போனில் வராததெல்லாம் அங்கே கொட்டியது. மூச்சு வாங்கியது. அவர் கொடுத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி அந்த அம்மா சொன்னார்:

"அப்போ நீ பொண்ணு குடுக்கிறியா?"